பொறவு என்று கேட்டவர்

அந்தக் கோடைக்காலப் பயிற்சி எங்கள் ஊரில் தொடங்குவதற்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன் நான். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். என் மேசைக்கு வந்த கோப்பு எதுவும் ஒரு கையெழுத்துக் குறைவாக வெளியே போனதில்லை. ஓய்வுக்குப் பின் சங்கரன்கோவிலில் நடக்கும் விழாக்களின் அழைப்பிதழில் 'முன்னிலை' என்ற சொல்லுக்கு நேராக என் பெயர் இருக்கும். தலைமைக்கு நான் ஆசைப்பட்டதில்லை. தலைமை வகிப்பவர் பேச வேண்டும். நேரம் கடந்தால் பழி கேட்க வேண்டும். முன்னிலை வகிப்பவர் இருந்தால் போதும். சட்டை மடிப்புக் கலையாமல் இரண்டு மணி நேரம் மேடையில் இருப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த நிலைக்கு ஊறு விளைவித்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத அவரிடம் அனுமதி பெற இப்போது வழியில்லை. அனுமதியின்றி ஒருவர் பெயரைப் பெரிதாகப் போட்டால் என்ன நேரும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

அவர் வேதியியல் பேராசிரியர். ஐம்பதை நெருங்கிய வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள். பல்கலைக்கழகம் அந்தக் கோடையில் பதினோராம் வகுப்பு முடித்த முப்பது மாணவர்களுக்கு எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் மூன்று வாரப் பயிற்சி நடத்தியது. அதற்கு அவர் ஒருங்கிணைப்பாளர். பாடத்தின் பெயர் நிலைத்தன்மை. பூமியைத் தீர்த்துவிடாமல் வாழ்வது எப்படி என்பதே அதன் சாரம் என்று எனக்கு விளக்கினார்கள். மற்ற ஆசிரியர்கள் கையில் வைத்திருந்த கனமான புத்தகம் அவரிடம் கிடையாது. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று வாரமும் பாடம் நடத்தினார்.

"பொறவு?"

'பிறகு' என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எல்லாரும் வாழ்நாள் முழுக்கச் சொல்லும் சொல்தான். அவர் சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும்.

பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் முதல் நாள் நடந்ததை நானே பார்த்தேன். காகிதக் குவளையில் தேநீரை நீட்டினார் கடைக்காரர்.

"இதைக் குடிச்ச பொறவு?" என்றார் இவர்.

"அந்தத் தொட்டில போட்டுருங்கம்மா."

"பொறவு?"

"வண்டி வந்து அள்ளிட்டுப் போவும்."

"பொறவு?"

"ஊருக்கு வெளிய கொட்டுவாவ."

"பொறவு?"

கடைக்காரர் ஊருக்கு வெளியே ஒருமுறை மனத்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "யம்மா, டீ ஆறுது" என்றார். மறுநாள் முதல் இவருடைய மொபெட் சத்தம் தொலைவில் கேட்டதுமே அவர் கண்ணாடித் தம்ளரைக் கழுவத் தொடங்கிவிடுவார். கேள்வியை விடத் தண்ணீர்ச் செலவு குறைவு என்று என்னிடம் சொன்னார்.

தேவாலயத்தில் நடந்ததாகவும் ஒன்று சொல்வார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று போதகர் உருக்கமாகப் பிரசங்கம் செய்தாராம். மரணத்துக்குப் பிறகு உயிர்த்தெழுதல் உண்டு என்று முடித்துவிட்டு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாராம். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க ஐயரே, பொறவு?" என்று கேட்டாராம். போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் அழைப்பார்கள். போதகர் அடுத்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் இருந்தார் என்பது கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது, நான் நம்பவில்லை. கேட்டிருப்பார் என்பதை மட்டும் நம்புகிறேன்.

தொடக்க விழாவுக்கு அழைக்க அவர் என் வீட்டுக்கு வந்தபோது கையில் அழைப்பிதழ் இல்லை.

"அச்சடிக்கலை சார். விழா முடிஞ்ச பொறவு அதை யாரு வச்சுக்கிடுவா?"

அச்சிட்ட அழைப்பிதழ் இல்லாத விழாவுக்கு நான் போனதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன். அவர் யோசித்தார். இரண்டு நாள் கழித்து ஓர் அழைப்பிதழ் வந்தது. ஒன்றே ஒன்று. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மாணவி ஒருத்தி அழகாக எழுதியிருந்தாள். அதை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். அது அடுத்த வீட்டுக்குப் போகும். முன்னிலை என்பதற்கு நேரே என் பெயர் பட்டத்துடன் சரியாக இருந்தது. எனக்கு முன் படித்த யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பார் அதன் மேல் ஒரு துளி இருந்தது. குறை சொல்லாமல் கையெழுத்திட்டேன்.

தொடக்க விழாவுக்குப் போய் இறங்கியபோது கல்லூரி வாசலில் என் முகம் நின்றது.

எட்டடி அகலம், பன்னிரண்டடி உயரம். ஃபிளெக்ஸ் பேனர். உச்சியில் 'வருக! வருக!' நடுவில் சஃபாரி சூட்டில் நான். அதன் கீழே பெயர், பட்டம், 'முன்னாள் வட்டாட்சியர்' என்ற சொற்கள். 'முன்னாள்' என்பது அமைச்சர்களுக்குப் போடுவது. எனக்கு 'ஓய்வு' என்றுதான் போட வேண்டும். அடியில் ஐந்து பேர் கைகூப்பி வரிசையாக நின்றார்கள். நடுவில் நின்றவன் என் எதிர்வீட்டு மாடசாமி. விசைத்தறிப் பட்டறை வைத்திருப்பவன். என் மேல் மரியாதை உள்ளவன்; அந்த மரியாதைக்கு அளவு தெரியாதவன். என்னைக் கண்டதும் ஓடிவந்து ஆள் உயரக் கேந்திப்பூ மாலை ஒன்றை என் கழுத்தில் போட்டான்.

அம்மையார் மொபெட்டிலிருந்து இறங்கி என்னையும் பார்த்தார், பேனரையும் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"நாந்தான் மேடம்" என்று மாடசாமி நெஞ்சை நிமிர்த்தினான். "அண்ணாச்சிக்கு ஒரு மரியாதை."

"நாளைக்கு இது என்ன ஆகும்?"

"கழத்திருவோம்."

"பொறவு?"

"பட்டறையில ஒரு மூலையில கெடக்கும்."

"பொறவு?"

"என்ன மேடம், பொறவு பொறவுன்னுட்டு... அண்ணாச்சி மொகத்தை ரோட்டுலயா போடப் போறேன்?"

"எங்கதான் போடப் போறீங்கன்னு கேக்கேன்."

மாடசாமி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்றைக்கு மேடையில் பொன்னாடை இல்லை, நினைவுப் பரிசு இல்லை. முப்பது மாணவர்களும் வரிசையில் வந்து ஆளுக்கோர் எலுமிச்சம்பழம் தந்து வணங்கினார்கள். புளியங்குடிப் பழம், நல்ல தரம். பிறகு அம்மையார் ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார். இந்தத் தொடக்க விழாவால் உலகத்துக்கு வந்த ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு மாணவர் தத்தெடுத்துக்கொள்வார். அதன் முடிவு வரை பின்தொடர்ந்து எழுதுவார். அதுவே தேர்வு என்றார். பெரிய பொருளுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லி என் முன்னால் ஒரு தாளை வைத்தார்.

'இந்த விழாவின் விளைவாக என் பெயரில் வந்து சேரும் எந்தப் பொருளையும் குப்பையாக விடமாட்டேன். அதன் முடிவு வரை நானே பொறுப்பு.'

முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெற்றோர் பின்னால் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றில் கையெழுத்துப் போட்டவன் நான். கையெழுத்திட்டேன். ஓய்வு பெற்றவன் பச்சை மையில் கையெழுத்திடக் கூடாது என்பதை அறிவேன்; ஆகவே நீல மை. என் கையெழுத்துக்குப் பின்னால் நான் நிற்காமல் போனது ஒருநாளும் இல்லை. அதை இந்த ஊர் அறியும். அறிய வேண்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

பேனரைத் தத்தெடுத்தவள் கடையநல்லூர் ரிஸ்வானா. வளைகுடாவில் இருக்கும் தகப்பனார் வாங்கி அனுப்பிய தடித்த நோட்டு ஒன்று வைத்திருந்தாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மையாரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருவாள். நான் பார்க்க எழுதுவாள். 'பொருள்: பேனர். நான்காம் நாள். நிலை: சுருட்டிய நிலையில், தாசில்தார் கட்டிலுக்கு அடியில்.'

"கட்டிலுக்கு அடியில வச்சா அது முடிவில்லையே சார்" என்பார் அம்மையார். "தள்ளிப் போட்டிருக்கீங்க. பொறவு?"

ஒருநாள் அவர்கள் வந்தபோது பேனர் மொட்டை மாடியில் விரித்துக் கிடந்தது. என் மனைவி அதன் மேல் கூழ்வடகம் பிழிந்திருந்தாள்.

"இது என்ன அநியாயம்? என் முகத்தின் மேலா?" என்றேன்.

"வேற எங்கன பிழிய? நெத்தியிலதான் எடம் நெறைய இருக்கு" என்றாள் அவள். "அங்கன போட்டதுதான் மொறுமொறுன்னு காஞ்சிருக்கு."

ரிஸ்வானா அதையும் எழுதிக்கொண்டாள். அம்மையார் என் கன்னத்திலிருந்து ஒரு வடகத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அச்சு மையில் உலோகம் இருக்கலாம், தின்கிற பொருளை அதில் காயவைக்காதீர்கள் என்று மனைவியிடம் சொன்னார். கடித்ததைத் துப்பவில்லை; துப்பினால் அதற்கு ஒரு பொறவு இருந்திருக்கும். மாடசாமி லாரிக்குத் தார்ப்பாயாகக் கேட்டான். என் முகம் கேரளத்துக்குப் போய்வருவதை நான் விரும்பவில்லை.

அவர் வேடிக்கைக்காக அப்படிக் கேட்கிறார் என்றே பலர் நினைத்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பயிற்சியின் கடைசி வாரத்தில் மாணவர்கள் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த அனுமதி கேட்டபோது, "போர்த்துன பொறவு?" என்றார். பொன்னாடை வரவில்லை. ஒரு பையன் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினான். அங்கேயே நின்று தோலோடு தின்று, விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முகம் சுளிக்கவில்லை.

என் வீட்டில் ஒருநாள் மோர் குடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி சம்பிரதாயமாக, "வீட்டுக்காரவுக என்ன பண்ணுதாக?" என்று கேட்டாள்.

"இருந்தாங்க" என்றார்.

தம்ளரை வைத்தார். 'பொறவு?' என்று அவரிடம் திருப்பிக் கேட்க எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. கேட்க வாய் வரவில்லை. அவர் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

பேனருக்கு ஒரு வழியை நானே கண்டேன். வீட்டின் முன்பக்கம் மேற்குப் பார்த்தது. கத்திரி வெயில் மத்தியானத்துக்கு மேல் வாசலுக்குள் நுழைந்துவிடும். பேனரைக் கூரை விளிம்பில், இறவாணத்திலிருந்து, தொங்கவிட்டால் நிழல். அச்சிட்ட பக்கம் உள்ளே இருக்கட்டும் என்றேன். என் மனைவி மறுத்துவிட்டாள். "நாள் முழுக்க ஒருத்தர் மொறைச்சுப் பாக்குதது போதாதா? ரெண்டு பேரா?" ஆகவே முகம் தெருவைப் பார்த்தது. உயரம் அதிகமாக இருந்தது, தரையில் புரண்டது. மேலே இருந்த 'வருக! வருக!' என்ற பகுதியை மட்டும் அளந்து நேராக வெட்டினேன். அதை என் மனைவி இரண்டு கடைப் பைகளாகத் தைத்துக்கொண்டாள். பைக்கு ஒரு 'வருக'.

மீதம் இருந்தது மாலை. விதைக்காகக் கேந்திப்பூவைக் காயவைக்க வேண்டும் என்பது அம்மையாரின் ஏற்பாடு. கொடியில் போட்டால் மாடு இழுத்தது. முன்பக்கத்தில் நல்ல வெயில் படும் ஆணி ஒன்றுதான் இருந்தது. பேனரை மாட்டிய ஆணிக்கு மேலே. ஒரு சாயங்காலம் மாலையை அதில் மாட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. இரு பக்கமும் சமமாகத் தொங்கும்படி நானே சரி செய்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நானும் மனைவியும் ஆட்டோவில் ஏறினோம். முப்பது எலுமிச்சம்பழங்களையும் 'வருக' பைகளில் போட்டுக்கொண்டு புளியங்குடியில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். அவர்கள் ஊறுகாய் போடுபவர்கள். என்னிடம் கைபேசி கிடையாது. மனைவியின் கைபேசி பூட்டிய வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது.

பத்தரை மணிக்குத் திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் சாமியானா போட்டிருந்தது. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஓர் ஓரத்தில் மலர்வளையங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் கைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, யாருங்க போயிட்டா?" என்றாள் அவள்.

எனக்குத் தெரியவில்லை. தெருவில் ஒரு துக்கம் என்றால் முறைப்படி உட்கார வேண்டும். கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் வேலை பார்த்த ஓய்வு பெற்ற எழுத்தர். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எத்தனை மணிக்கு வருதாம்?"

"எது?"

"பாடி. புளியங்குடியில வச்சுத்தான் உசுரு போச்சாம்."

"யாருக்கு?"

"நம்ம தாசில்தாருக்குத்தான்."

"அது நான்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். பழைய வழக்கப்படி எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்தது.

நானும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் என் முகம். அதன் மேல் மாலை, இரு பக்கமும் சமமாக. அதன் கீழே 'முன்னாள்'. அதற்கும் கீழே ஐந்து பேர் கைகூப்பி நின்றார்கள். எங்கள் ஊர்ச் சுவர்களில் மாதம் நான்கு கண்ணீர் அஞ்சலி பேனர் பார்ப்பவன் நான். குற்றம் சொல்ல முடியவில்லை.

என் மனைவியால் முடிந்தது. "ஏலே மாடசாமி! ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு வாய் வார்த்தை கேக்க மாட்டியால?"

"மைனி, நான் என்ன செய்ய? விடியக்காலம் நீங்க முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டே ஆட்டோவுல ஏறுனிய. அண்ணாச்சி தலை தொங்கிப் போய் இருந்தாவ. ஆட்டோக்காரன்கிட்ட புளியங்குடின்னிய, ஆஸ்பத்திரிக்குன்னு நெனைச்சேன்."

"எனக்குக் கண்ணுல பூச்சி விழுந்துச்சு. அவுக தூங்கிட்டு இருந்தாக."

"போன் போட்டா எடுக்கலை. நிமிந்து பாத்தா மாலை கெடக்கு. அதுக்குக் கீழ நானே கும்பிட்டுக்கிட்டு நிக்கேன் மைனி! என்னைப் பாத்துதான் எனக்கே அழுகை வந்துட்டு."

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. "கடையைப் பூட்டிட்டு வந்தேன் வே" என்று ஒருவர் என்னிடமே வருத்தப்பட்டார். மலர்வளையம் கொண்டு வந்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துப் போவதா விட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றார்கள். ரிஸ்வானா முன் வரிசையில் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நோட்டு திறந்திருந்தது. 'பதினெட்டாம் நாள். பொறுப்பாளர் காலமானார். பேனர் நல்ல நிலையில் உள்ளது.' முதல் வரியை அடித்துத் திருத்தச் சொன்னேன்.

அவள் ஏற்கெனவே செய்தி சொல்லியிருந்ததால் அம்மையார் வந்துவிட்டார். பின்னால் மற்ற மாணவர்கள் நடந்து வந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. பிறகு சாமியானா, நாற்காலிகள், மலர்வளையங்கள், அண்டாவில் தேநீர், மைக் செட் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார்.

"இதெல்லாம் என்ன ஆகப் போவுது சார்?"

"தவறான தகவலால் வந்தவை. திருப்பி அனுப்பிவிடலாம்."

"மலர்வளையத்தை யாரு திருப்பி வாங்குவா? பொறவு?"

"அம்மா, இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை."

அவர் பையிலிருந்து என் கையெழுத்துள்ள தாளை எடுத்தார். விழாவின் விளைவாக என் பெயரில் வந்து சேரும் எந்தப் பொருளையும். விழாவால் பேனர் வந்தது. பேனரால் கூட்டம் வந்தது. கூட்டத்தால் இவை வந்தன. எல்லாம் என் பெயரில். முப்பது ஆண்டுகள் கோப்புப் பார்த்தவன் நான். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போகவில்லை. இப்போது மறுத்தால், தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார் என்ற பேச்சு இத்தனை பேர் வழியாக ஊர் முழுக்கப் போகும்.

"அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?"

"எதுக்காக வந்துச்சோ அது நடந்துட்டா வீணாப் போவாது. கூட்டத்தை நடத்திருவோம் சார்."

மாடசாமி உற்சாகமாகிவிட்டான். "ஆமா அண்ணாச்சி, மைக் செட்டும் மத்தியானம் வரைக்கும் நம்மகிட்டதான்."

எனக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்த நான் இசைந்தேன். என் இடம் எது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். பேனருக்குக் கீழே போட்ட நாற்காலியில் மடிப்புக் கலையாமல் அமர்ந்தேன். ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. எழுந்து நிற்பதா வேண்டாமா என்பதில் எனக்கு முன்மாதிரி எதுவும் நினைவுக்கு வரவில்லை. நின்றேன்.

மாடசாமி முதலில் பேசினான். "அண்ணாச்சி நம்மளை விட்டுப் பிரிஞ்சு..." என்று தொடங்கி என்னைப் பார்த்தான். "...பிரியப் போறாவ" என்று மாற்றிக்கொண்டான். நான் நேரம் தவறாதவன் என்றான். எழுத்தர் பேசினார்: நான் நேரம் தவறாதவன், சட்டையில் அழுக்கு இருக்காது. கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் பேசினார்: என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடம் ஆகியிருந்தது. நான் எதிர்பார்த்ததை விட முன்னதாகவே கூட்டம் தீர்ந்துபோயிருந்தது. மைக் மட்டும் கொய்யென்று இரைந்துகொண்டிருந்தது.

"பொறவு?" என்றார் அம்மையார், மெதுவாக, கூட்டத்தைப் பார்த்து.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். தறிக்கு நூல் சுற்றும் வேலம்மாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் அதற்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"எம் புருசன் செத்தப்ப வாரிசுச் சான்றுக்கு இந்த ஐயாகிட்டதான் போனேன். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு கையெழுத்து கொறையும். ஐயா திட்டலை, காசு கேக்கலை. கோளாறு சொல்ல ஒண்ணுமில்ல."

"பொறவு?"

"பொறவென்ன, பன்னெண்டாவது தடவை குடுத்தாவ. அப்ப எனக்கு வயித்துல ஏழு மாசம். ஐயா மேசைக்கு முன்னால நாலு நாற்காலி காலியாக் கெடக்கும். ஒருநாளும் உக்காருன்னு சொல்லலை. அவ்ளதான்."

அவர் எண்ணிக்கை தவறு. எட்டு முறை திருப்பி அனுப்பினேன். ஒன்பதாம் முறை வழங்கினேன். ஒவ்வொரு முறையும் என்ன குறைந்தது என்று இன்றும் சொல்வேன். நாற்காலி விஷயத்தில் அவர் சொன்னது சரி.

நான் எழுந்தேன். தெரு முழுக்க நாற்காலிகள் காலியாகிக் கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மையார் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தார்.

"இது இன்னும் ரொம்ப வருசம் கெடக்கும் சார். உங்களுக்குப் பொறவு?"

எத்தனையோ குடும்பங்களுக்கு வாரிசு யார் என்று எழுதிக் கொடுத்தவன் நான். என் மனைவியைப் பார்த்தேன். "எனக்கு அவுகளே போதும், தாயே" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மாடசாமி கையைத் தூக்கினான். நான் பார்க்காதது போல இருந்தேன்.

"எங்க வீட்டு ஓடு ஒழுகுது" என்றார் வேலம்மாள். "சாரல் வரதுக்கு முன்னால மேல போட ஏதாச்சும் வேணும்னு தேடிக்கிட்டு இருக்கேன். ஐயா தந்தா எடுத்துக்கிடுதேன்."

இதற்கு விண்ணப்பம் எதுவும் தேவையில்லை என்றேன். ஆணியிலிருந்து நானே அவிழ்த்தேன். மாலையை முதலில் எடுத்து, மடித்து, ரிஸ்வானாவிடம் கொடுத்தேன். பேனரைச் சுருட்டும்போது வேலம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மொகம் மேல பாக்கப் போடவா ஐயா, கீழ பாக்கப் போடவா?"

கீழே பார்க்கப் போட்டால் அச்சு நெடுநாள் இருக்கும் என்றார் அம்மையார். சற்று யோசித்தேன். அந்த வீட்டுக்குள் நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பது முறையல்ல என்று பட்டது.

"மேலே பார்க்கட்டும். மழை விழுவதில் எனக்கு ஆட்சேபமில்லை" என்றேன்.

அம்மையார் வேலம்மாளிடம் திரும்பினார். "பொறவு?"

"மொதல்ல மழை வரட்டும்மா. பொறவு பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு வேலம்மாள் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதற்கு மேல் அம்மையார் எதுவும் கேட்காததை அன்றுதான் பார்த்தேன். தெருமுனை திரும்பும் வரை அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். ரிஸ்வானா நோட்டில் கடைசி வரியை எழுதினாள்: 'நிலை: மழைக்குக் காத்திருக்கிறது.' முழு மதிப்பெண் பெற்றாள்.

அடுத்த கோடையில் அந்தப் பயிற்சி எங்கள் ஊரில் நடக்கவில்லை. அம்மையாருக்கு மாற்றல் என்றார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டால் மூன்று பேர் மூன்று ஊர் சொல்கிறார்கள். தேநீர்க் கடையில் அந்தக் கண்ணாடித் தம்ளர் இன்னும் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது. வேலம்மாள் வீட்டுத் தெரு வழியாக நான் போவது குறைவு. போக நேர்ந்தால் மேலே பார்ப்பதில்லை. ஒழுகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அன்று நடந்ததை ஊரார் பலவிதமாகச் சொல்கிறார்கள். தாசில்தார் தன்னுடைய அஞ்சலிக் கூட்டத்துக்குத் தானே தலைமை வகித்தார் என்று மாடசாமி பட்டறையில் சொல்லி வருவதாக அறிகிறேன். அது தவறு. தலைமை வகித்தவர் ஒருங்கிணைப்பாளர். நான் முன்னிலை வகித்தேன்.